ஒரே கை, இரண்டு ஜோடி கையுறை

2014 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரு ஜோடி பழைய குத்துச்சண்டைக் கையுறையை விற்றது. விலை 8,36,500 டாலர். மறு ஆண்டு பிப்ரவரியில் அதே நிறுவனம் இன்னொரு பழைய கையுறைத் தொகுப்பை ஏலத்துக்கு வைத்தது. அது 9,56,000 டாலருக்குப் போனது. அன்றைய மாற்று மதிப்பில் முதலாவது ஐந்து கோடி ரூபாய்க்குச் சற்று மேல், இரண்டாவது ஆறு கோடியை ஒட்டி வரும். இரண்டு சண்டையிலும் ஜெயித்தவர் ஒருவர்தான், தோற்றவரும் ஒருவர்தான். முதல் ஜோடி, 1964இல் மயாமி பீச்சில் கேஷியஸ் கிளே சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தபோது போட்டிருந்தது. இரண்டாவது, பதினைந்து மாதம் கழித்து மெய்ன் மாநிலத்து லூயிஸ்டனில், முகமது அலி என்று பெயர் மாறிவிட்ட அதே ஆள் அதே லிஸ்டனை முதல் ரவுண்டிலேயே சாய்த்தபோது போட்டிருந்தது. லிஸ்டனின் கையுறையும் அதோடு சேர்ந்தே விற்கப்பட்டது.

தோலுக்கும் குதிரை முடிக்கும் யாரும் ஐந்து கோடி கொடுப்பதில்லை. பிறகு எதற்குக் கொடுக்கிறார்கள்? பொதுவாகச் சொல்லப்படும் பதில் புகழ். அலி பெரிய ஆள், அதனால் விலை பெரியது. ஆனால் இந்த இரண்டு தொகுப்பையும் அருகருகே வைத்தால் புகழ் இரண்டிலும் சமம், ஆள் சமம், காலமும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: அவை யார் கையில் தங்கின, ஏன் தங்கின என்பதில். மயாமி ஜோடி பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி பக்கமிருந்து வந்தது. லூயிஸ்டன் ஜோடிகள் சண்டை முடிந்த கையோடு மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் வசம் போனவை என்பது ஏல நிறுவனம் சொன்ன வரலாறு. ஒன்றைப் பாசம் பாதுகாத்தது, மற்றதைச் சந்தேகம். பழம்பொருள் வாங்குகிறவனுக்கு இந்த இரண்டில் எது நல்ல காவல்காரன் என்பதுதான் நான் பார்க்க நினைப்பது.

முதலில் மயாமி. 1964 பிப்ரவரி 25, மயாமி பீச் கன்வென்ஷன் ஹால். கிளேவுக்கு 22 வயது. லிஸ்டன் அதற்கு முன் ஃபிளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறை, இரண்டு முறையும் முதல் ரவுண்டிலேயே, படுக்க வைத்தவர். அவருடைய முஷ்டியின் சுற்றளவு 15 அங்குலம் என்பார்கள். பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் 7-க்கு 1 என்று நின்றார்கள். பையன் எத்தனை நிமிடம் தாங்குவான் என்பதுதான் பேச்சாக இருந்தது. அரங்கமும் பாதிதான் நிறைந்தது. 8,297 பேர் வந்தார்கள்.

மூன்றாவது ரவுண்டில் லிஸ்டனின் இடது கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்தது. லிஸ்டனின் முகத்தில் வெட்டுக் காயம் விழுந்தது அதுவே முதல் முறை. நான்காவது ரவுண்டு முடிந்து கிளே தன் மூலைக்கு வந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. எரிகிறது, எதுவும் தெரியவில்லை, கையுறையை அறுத்து எடுத்துவிடு என்று டண்டியிடம் சொன்னார். சண்டை வேண்டாம் என்பதற்குக் குத்துச்சண்டை வீரர் சொல்லும் சொல் அது. கையுறையின் நாடாவை அறுத்துவிட்டால் பிறகு கட்ட நேரமில்லை. டண்டி என்ன செய்தார் என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கிளேயின் கண்ணில் விரலை வைத்துத் தொட்டு, அதே விரலைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. பஞ்சால் கண்ணைக் கழுவிவிட்டு, மணி அடித்ததும் ஆளை எழுப்பி முன்னால் தள்ளிவிட்டார். ஐந்தாவது ரவுண்டு முழுக்கக் கிளே ஓடினார். இடது கையை நீட்டி, கண் தெரியாதவர் கோலால் வழி தடவுவதுபோல, லிஸ்டனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டு அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டார். ரவுண்டு முடிவதற்குள் பார்வை தெளிந்தது. ஆறாவது ரவுண்டில் லிஸ்டனை நன்றாகவே அடித்தார். ஏழாவதுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் எழுந்து வரவில்லை.

எட்டு லட்சம் டாலருக்கு விற்ற ஜோடியில் இடது கையுறை எது என்று எனக்குக் காட்டினால் போதும், வலதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அந்த ஐந்தாவது ரவுண்டின் மூன்று நிமிடத்தில் அதுதான் கண்ணாக இருந்தது. அதுமட்டுமல்ல, டண்டி மட்டும் சொன்னபடி கேட்டு நாடாவை அறுத்திருந்தால், அந்தக் கையுறை ஒரு சவடால் பேர்வழியின் தோல்விச் சின்னமாக எங்காவது மூலையில் கிடந்து மக்கியிருக்கும். பிறகு 'முகமது அலி' என்று ஒருவர் வந்திருப்பாரா என்பதே கேள்வி.

கையுறை விஷயத்தில் டண்டிக்கு இன்னொரு முன்கதை உண்டு. இதற்கு எட்டு மாதம் முன்பு, 1963 ஜூன் 18 அன்று லண்டன் வெம்பிளியில் ஹென்றி கூப்பர் நான்காவது ரவுண்டின் கடைசியில் தன் பிரசித்தி பெற்ற இடது ஹூக்கால் கிளேயைத் தரையில் உட்கார வைத்தார். மணி அடித்துக் காப்பாற்றியது. மூலைக்கு வந்த கிளே தள்ளாடினார். கையுறையின் தையலில் சிறு பிளவு இருந்ததை டண்டி கவனித்தார், அதில் விரலை விட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினார், நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மாற்றுக் கையுறை அரங்கில் இல்லை. இந்தக் களேபரத்தில் கிடைத்தது சில நொடிகள்தான் என்று பழைய படச்சுருளைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நிமிடக் கணக்கில் கிடைத்தது என்பது பின்னால் வளர்ந்த கதை. அடுத்த ரவுண்டில் கூப்பரின் கண் கிழிந்து சண்டை நிறுத்தப்பட்டது. மேடையருகில் எப்போதும் ஒரு ஜோடி மாற்றுக் கையுறை இருக்க வேண்டும் என்ற வழக்கம் வலுப்பட அந்த இரவு ஒரு காரணம். ஆக, ஒரு வருடத்துக்குள் கையுறையின் பிளவைப் பெரிதாக்கி ஒரு சண்டையையும், கையுறையை அறுக்க மறுத்து இன்னொரு சண்டையையும் காப்பாற்றியவர் டண்டி.

இந்தக் கதையை நான் டண்டியின் சாமர்த்தியத்தைப் புகழச் சொல்லவில்லை. மயாமி ஜோடி உண்மையானதுதான் என்று சொல்லும் வழி டண்டி பக்கமிருந்துதான் தொடங்குகிறது. கையுறை விஷயத்தில் சித்து வேலை செய்தேன் என்று தானே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட மனிதர் அவர். வடசென்னையில் சொல்வதுபோல் 'வாத்தியார்'. தன் பிள்ளைக்காக எதையும் செய்பவர். அவர் சொன்னால் நம்பலாமா? நம்பலாம் என்றே நினைக்கிறேன். கையுறையைக் கட்டியதும் அவிழ்த்ததும் அவர் முன்னால் நடந்தவை, அவரைவிட நெருக்கமான சாட்சி கிடையாது. 2012 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை குத்துச்சண்டை உலகில் அவரைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொன்னவர்களும் குறைவு. ஆனாலும் அது நம்பிக்கை. ஆவணம் அல்ல.

இப்போது லூயிஸ்டன்.

மறு சண்டை முதலில் 1964 நவம்பர் 16 அன்று பாஸ்டனில் நடப்பதாக இருந்தது. மூன்று நாள் முன்பு அலிக்குக் குடலிறக்கம், அவசர அறுவை சிகிச்சை. தள்ளிவைத்த தேதி நெருங்கியபோது மாசசூசெட்ஸ் அதிகாரிகள் இந்தச் சண்டையே வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். நடத்துகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் கிடைத்த இடம் சுமார் 41,000 பேர் வாழ்ந்த, நூற்பாலைகளுக்குப் பேர் போன லூயிஸ்டன். பள்ளிப் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கம். 1965 மே 25 அன்று உள்ளே வந்தவர்கள் 2,434 பேர். உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டிக்கு இவ்வளவு சின்னக் கூட்டம் கூடியதே இல்லை. அலி சேர்ந்திருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தை விட்டு விலகிய மால்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழிக்குப் பழியாக அலியைச் சுடுவார்கள் என்று வதந்தி. வாசலில் போலீஸ் பைகளைச் சோதித்தது.

சண்டை தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகாதபோது அலி வீசிய குட்டையான வலது கைக் குத்தில் லிஸ்டன் விழுந்தார். பாதிப் பேர் அந்தக் குத்தைப் பார்க்கவே இல்லை. 'பேய்க்குத்து' என்று பெயர் வந்தது அதனால்தான். அலி தன் மூலைக்குப் போகாமல் விழுந்தவரின் தலைமாட்டில் நின்று எழுந்து சண்டை போடு என்று கத்தினார். நடுவராக இருந்த முன்னாள் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். லிஸ்டன் எழுந்தார், இருவரும் மறுபடி மோதத் தொடங்கினார்கள். மேடையோரம் இருந்த 'தி ரிங்' பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர், பத்துக்கு மேல் எண்ணியாகிவிட்டது என்று கத்தினார். வால்காட் போய்க் கேட்டுவிட்டு வந்து சண்டையை நிறுத்தினார். அதிகாரப்பூர்வ நேரம் ஒரு நிமிடம் என்று எழுதினார்கள். படச்சுருளின்படி 2 நிமிடம் 12 நொடி. அரங்கத்தில் 'மோசடி' என்ற கூச்சல்.

ஆணையம் கையுறைகளை எடுத்துவைத்துக்கொண்டது இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான்.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். லூயிஸ்டனில் எழுந்த சந்தேகம் என்ன? லிஸ்டன் வேண்டுமென்றே விழுந்தார் என்பது. காசுக்காக, மாஃபியாவுக்குப் பயந்து, நேஷன் ஆஃப் இஸ்லாமுக்குப் பயந்து என்று காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் வேண்டுமென்றே விழுந்தாரா என்பதற்குக் கையுறை என்ன சாட்சி சொல்லும்? உள்ளே இரும்பு வைத்து அடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குற்றச்சாட்டே அடி விழவில்லை என்பதுதான். பேச எதுவுமில்லாத சாட்சியைப் பிடித்து வைத்தார்கள்.

மயாமியிலோ நேரெதிர். அங்கேதான் கையுறைக்குச் சொல்ல ஏதோ இருந்தது. கிளேயின் கண்ணை எரித்தது என்ன? லிஸ்டனின் கண் காயத்துக்கு அவருடைய ஆட்கள் தடவிய ரத்தம் நிறுத்தும் மருந்தா, தோள் வலிக்குத் தேய்த்த தைலமா, வேண்டுமென்றே கையுறையில் பூசியதா? மூன்றாவது ஊகம் உண்மை என்றால் லிஸ்டனின் கையுறைதான் முதல் சாட்சி. அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஏமாற்றப்பட்டிருக்கக்கூடியவரே ஜெயித்துவிட்டார். அங்கே அதிகாரிகள் பிடித்து வைத்தது லிஸ்டனின் சம்பளத்தை. தோள்பட்டை வலி நிஜமா என்று மருத்துவர்கள் பார்த்து, இடது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்று சொன்ன பிறகே பணத்தை விடுவித்தார்கள். மயாமியில் பணம், லூயிஸ்டனில் கையுறை. இரண்டு ஊரிலும் தப்பான பொருளைப் பறிமுதல் செய்தார்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் சேகரிப்பாளனுக்கு இந்தத் தப்பு பெரிய லாபம். சண்டை முடிந்த சில நிமிடத்தில் ஓர் அரசு அதிகாரி கையுறையைக் கையில் வாங்கிக்கொண்டார் என்றால், மாற்றி வைக்க இடைவெளி இல்லை. வாங்கியவருக்கு அலி மேல் பாசம் கிடையாது, அந்தக் கையுறை ஒருநாள் விலைபோகும் என்று 1965இல் யாரும் நினைக்கவும் இல்லை. பொய் சொல்லக் காரணமே இல்லாத ஒருவர் பாதுகாத்த பொருள் என்பதுதான் பழம்பொருள் சந்தையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று. காகிதத்தில் லூயிஸ்டன் ஜோடிகள் மயாமி ஜோடியைவிடப் பலமானவை என்று தயங்காமல் சொல்வேன். உறுத்தல் ஒன்றே ஒன்று. விசாரணைக்காக எடுத்த பொருள் பிறகு எப்படித் தனியார் சொத்தானது? நம்மூராக இருந்தால் ஒரு தகவல் அறியும் மனுவாவது போட்டிருப்போம்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க முடியாது. மயாமி ஜோடி ஆறு ரவுண்டு, பதினெட்டு நிமிடம் உழைத்தது. அக்காலத்துக் கையுறைக்குள் இருந்தது குதிரை முடி. இன்றைய ஸ்பாஞ்சு மாதிரி அது மீண்டு எழாது. குத்தக் குத்த முட்டிப் பக்கத்திலிருந்து விலகி ஓரத்துக்குப் போகும், முட்டிமேல் மெத்தை மெலியும். உள்துணியில் வியர்வை காய்ந்து கறையாகும், கட்டைவிரல் ஓரத்தில் தோல் உரசித் தேயும். லூயிஸ்டன் ஜோடிகள் இரண்டேகால் நிமிடம்கூட உழைக்கவில்லை. நாடா கட்டிய தடத்தைத் தவிர அவற்றில் சண்டையின் தழும்பு அதிகம் எதிர்பார்க்க முடியாது. நிமிடக் கணக்கில் வகுத்தால் மயாமிக்கு நிமிடத்துக்குச் சுமார் 46,000 டாலர். லூயிஸ்டனுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். இரண்டு பேர் கையுறையும் சேர்ந்த விலை என்பதால் பாதியாக்கிக் கொண்டாலும் இரண்டு லட்சம்.

இந்தக் கணக்கைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள், நியாயம்தான். ஆனாலும் தழும்பு என்பது வெறும் அழகல்ல, அடையாளம். ஒரு கையுறை இன்ன சண்டையில் போட்டதுதானா என்று இன்று நிரூபிக்கும் முக்கியமான வழி புகைப்படத்தோடு பொருத்திப் பார்ப்பது. தோல் ஆலையில் அச்சடித்ததல்ல. ஒவ்வொரு துண்டிலும் சுருக்கம், ரேகை, மேடுபள்ளம் வேறு. தையல்காரர் ஓரத்தைத் திருப்பும்போது ஊசி ஒரு மயிரிழை விலகும், அந்த விலகல் இன்னொரு கையுறையில் அதே இடத்தில் வராது. சண்டை நாளில் எடுத்த தெளிவான படத்தைப் பெரிதாக்கி, தையலையும் சுருக்கத்தையும் முத்திரையின் சாய்வையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

லூயிஸ்டனுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நீல் லைஃபர் என்ற 22 வயதுப் படக்காரர் அன்று சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே மல்லாந்து கிடக்கும் லிஸ்டன், மேலே வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி உறுமும் அலி. வண்ணப்படம், துல்லியம், நடுவில் அந்தக் கையுறை. அலியின் கால்களுக்கு இடையே எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்ட இன்னொரு படக்காரர் தெரிகிறார், அவருக்கு அலியின் முதுகுதான் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த விளையாட்டுப் படம் என்று இன்று இதைச் சொல்கிறார்கள். எடுத்த வாரம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதை அட்டையில்கூடப் போடவில்லை. சண்டை அசிங்கமாக இருந்தது, படமும் அதோடு சேர்ந்து அமுங்கியது. பத்திருபது வருடத்தில் அசிங்கம் மறந்து படம் மட்டும் நின்றது. போஸ்டராக, சட்டையில், ஜிம் சுவரில். லூயிஸ்டன் தொகுப்பு மயாமியைவிட ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர் கூடுதலாகப் போனதற்கு லிஸ்டனின் கையுறை சேர்ந்திருந்தது ஒரு காரணம். இந்தப் படம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். வாங்கியவர் சண்டையை வாங்கவில்லை, சுவரில் பார்த்து வளர்ந்த படத்துக்குள்ளிருந்து ஒரு துண்டை வாங்கினார்.

போலிகள் பற்றிப் பேசாமல் இந்தச் சந்தையைப் பற்றிப் பேச முடியாது. 1990களின் கடைசியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் விளையாட்டு வீரர் கையெழுத்து மோசடிக் கும்பல்களைப் பிடித்தது. சந்தையில் இருந்த கையெழுத்துகளில் பெரும்பகுதி போலியாக இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அலி தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் போலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவருக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அதற்குப் பின் வந்த கையெழுத்துகள் சுருங்கி, நடுங்கி, எழுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். 1960களின் அகலமான வளைவுகளோடு '1995' என்று தேதி போட்ட கையுறை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது. 'கேஷியஸ் கிளே' என்று கையெழுத்திருந்தால் 1964க்கு முந்தையது என்று துள்ளவும் கூடாது. பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அவர் அந்தப் பழைய பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்ட கையுறையும் சண்டையில் போட்ட கையுறையும் வேறு வேறு சரக்கு. முன்னது கடையில் வாங்கி மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கியது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பின்னது ஒரு சண்டைக்கு ஒன்று. இதைப் போலி செய்ய முயல்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். கட்டைவிரலைக் கையுறையின் உடலோடு சேர்த்துத் தைக்கும் முறை, எதிராளியின் கண்ணில் விரல் படாமல் இருக்க, 1980களில்தான் பரவலானது. அப்படித் தைத்த கையுறையை 1964 என்று யாராவது நீட்டினால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. நாடாவையும் பார்ப்பார்கள். சண்டை முடிந்ததும் மூலைக்காரர்கள் நிதானமாக முடிச்சை அவிழ்ப்பதில்லை, மேலே சுற்றிய டேப்போடு சேர்த்துக் கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டுப்படாத அழகான நாடா கொஞ்சம் சந்தேகத்துக்குரியது.

இன்று இவ்வளவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற பொருள்களை அன்று எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ஒரு கதை போதும். அலியின் மூலையில் நின்று உற்சாகக் குரல் கொடுத்த புண்டினி பிரவுன், 1960களின் நடுவில் அலியின் சாம்பியன் பெல்ட்டை ஹார்லெமில் ஒரு முடிதிருத்துபவரிடம் 500 டாலருக்குத் தள்ளிவிட்டார். அலி கோபப்பட்டு விலக்கி வைத்தார், பிறகு சேர்த்துக்கொண்டார். 2022இல் 1974 கின்ஷாசா சண்டையோடு தொடர்புடைய பெல்ட் ஒன்றை இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர் ஜிம் இர்சே 61.8 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

பெல்ட்டுக்கும் கையுறைக்கும் இன்னொரு வேற்றுமை. பெல்ட் பளபளக்கும், அதனாலேயே அதற்கு ஆபத்து. நியூயார்க் மாநிலத்து கானஸ்டோட்டாவில் உள்ள குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் 2015 நவம்பரில் கண்ணாடியை உடைத்து ஆறு பெல்ட்டுகளைத் திருடினார்கள். டோனி ஸேல், கார்மென் பசிலியோ இருவருடையவை. திருடர்களுக்குக் குத்துச்சண்டை பற்றி அக்கறை இல்லை, உலோகத்தின் மேல்தான் கண். இதே கும்பல் வேறு அருங்காட்சியகங்களில் எடுத்த கோப்பைகளையும் மோதிரங்களையும் உருக்கி விற்றதாகப் பின்னர் வழக்குப் பதிவானது. கையுறையை யாராலும் உருக்க முடியாது. அதன் விலை முழுக்கக் கதையில் இருக்கிறது, கதையைக் கழற்றிவிட்டால் செருப்புத் தைக்கக்கூட உதவாது.

அதன் எதிரி வேறு: காற்று, பூச்சி, அக்கறையுள்ள உரிமையாளர். பழைய தோல் வறண்டால் எண்ணெய் பூச வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அருங்காட்சியகத்தார் கூடாது என்பார்கள். எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், தூசியை ஒட்டவைக்கும், சில வருடத்தில் உள்ளே பிசினாக இறுகும், வியர்வைக் கறை, ரத்தக் கறை எல்லாம் கலங்கிவிடும். அமிலமில்லாத தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து வடிவம் கெடாமல் வைப்பது, வெயில் படாமல் வைப்பது, ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்ப்பது, அவ்வளவுதான். குதிரை முடி இருப்பதால் உள்ளே வண்டு வைக்கும், அதை மாதாமாதம் பார்க்க வேண்டும்.

சென்னைக் கடற்காற்றில் இப்படி ஒரு பொருளை வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980இல் அலி சென்னைக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார், முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னையில் அன்றைய நினைவு புகைப்படமாகத்தான் அதிகம் தங்கியிருக்கிறது. கையுறையை விடப் படத்தைச் சட்டம் போட்டு வைப்பது சுலபம். லைஃபர் படத்தின் கதையைப் பார்த்த பிறகு, அதைக் குறைவாகவும் சொல்ல மனமில்லை.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, ஏலத்துக்கே வராத வழி. 1976 மார்ச்சில் அலி தானே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு ஜோடி கையுறையையும் மேலங்கியையும் கொடுத்தார். இந்தக் கட்டடத்திலேயே இதுதான் மிகப் புகழ்பெற்ற பொருளாக இருக்கும் என்று தன் பாணியில் பெருமையடித்தார். கொடுத்தவர் அவரே, பார்த்தவர்கள் பத்திரிகைக்காரர்கள், வாங்கியது தேச அருங்காட்சியகம். சான்று என்று பார்த்தால் இதற்கு மேல் கிடையாது. ஆனால் சந்தைக்கு இது ஒருநாளும் வராது என்பதால் சேகரிப்பாளர்கள் பேச்சில் இது அடிபடுவதே குறைவு.

மறுபடி நம் இரண்டு தொகுப்புக்கு வருவோம். அதிகாரி சந்தேகத்தில் பிடித்து வைத்தது, வாத்தியார் பாசத்தில் பிடித்து வைத்தது. எதை நம்புவது என்று கேட்டால் முதலாவது. எது வேண்டும் என்று கேட்டால் இரண்டாவது. காசு கொடுக்கிறவர்கள் பலரும் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறார்கள் என்பதை 2015 விலை காட்டுகிறது. படம் அவர்களை அந்தப் பக்கம் இழுத்துவிட்டது.

நான் காத்திருப்பது வேறொன்றுக்கு: மயாமியில் லிஸ்டன் போட்டிருந்த ஜோடி. என்றாவது நம்பத்தகுந்த வழியில் அது வந்தால், ஏலத்துக்கு முன் அதை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்வேன். குத்துச்சண்டை மூலைகளில் ரத்தம் நிறுத்தப் பயன்பட்ட மான்செல் கரைசல் ஓர் இரும்புச் சேர்மம். தோலில் ஊறிய இரும்பை எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் பொருளைக் கீறாமலே கண்டுபிடிக்கலாம். கையுறையின் முகப்பில், உள்ளங்கைப் பக்கத்தைவிட அதிகமாக, இரும்பு தெரிந்தால் பழைய ஊகத்துக்கு உயிர் வரும். ஆனால் ரத்தத்திலும் இரும்பு உண்டு, தோல் சாயத்திலும் இருக்கலாம். லிஸ்டன் கண் காயத்துக்கு அந்த மருந்தைத் தடவியிருந்தால், அதைத் துடைத்த கையிலும் அது இருக்கும், அந்தக் காயத்தில் குத்திய கிளேயின் கையுறையிலும் இருக்கும். அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் சாதகமாக வரும், ஏல நிறுவனம் அதையும் சேர்த்து விளம்பரத்தில் போடும், தொடக்க விலையை ஒரு லட்சம் டாலர் ஏற்றிக் கேட்கும்.